களியில் எழும் வெண்கோடு

ஒருவருடைய குருதியை மற்றொருவருக்கு ஏற்றி உயிரைக் காக்கும் முறை, இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் மனித குலத்துக்கு அளித்த பெருங்கொடைகளுள் ஒன்றாகும். பிள்ளைப்பேற்றின்போது குருதியிழந்து துவண்ட தாயும், விபத்திற் சிக்கிய தொழிலாளியும், சத்திரசிகிச்சை மேசையிற் கிடந்த நோயாளியும், முன்பின் அறியாத ஒருவரின் குருதியினாற் பிழைத்தெழுந்தனர். ஆயின் அக்கொடையினுள்ளே ஒரு தீங்கும் ஒளிந்திருந்தது. குருதி பெற்று நலமடைந்து வீடு திரும்பியவர்களுட் சிலர், இரண்டு மூன்று மாதங்கள் கழிந்தபின் உணவில் வெறுப்புற்றனர்; உடல் சோர்ந்தது; கண்கள் மஞ்சளித்தன. செங்கண்மாரி அவர்களைப் பற்றிக்கொண்டது. அவர்களுட் சிலருக்கு ஈரல் கெட்டு உயிருக்கே இறுதி நேர்ந்தது.

1942ஆம் ஆண்டில் இத்தீங்கு பேருருவில் வெளிப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் படைவீரர்களுக்கு மஞ்சட்காய்ச்சல் வராமற் காக்கும்பொருட்டு ஊசி மூலம் தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது. அம்மருந்து கெடாதிருத்தற்கென மனிதக் குருதியின் சீரம் அதனுடன் கலக்கப்பட்டிருந்தது. குருதி உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிற நீரே சீரம் எனப்படுவது. மருந்து பெற்றவர்களுள் ஏறத்தாழ 50,000 வீரர்கள் சில மாதங்களுள் செங்கண்மாரியுற்று மருத்துவமனைகளை அடைந்தனர். சீரத்தைக் கொடுத்தோருள் நோயைச் சுமந்தவர் யார் என்பதை முன்கூட்டியே அறிவதற்கு அன்று வழி எதுவும் இருக்கவில்லை.

நோய்க்குக் காரணம் ஒரு வைரசாக இருத்தல் வேண்டும் என்பதை மருத்துவர்கள் ஊகித்திருந்தனர். ஆனால் அதனைக் கண்ணாற் கண்டவர் இல்லை. ஆய்வுகூடத்தில் வளர்த்தவரும் இல்லை. குருதி கொடுப்பவர் உடல்நலத்துடன் நடமாடுவார். அவர் குருதியோ மற்றவருக்கு நஞ்சாகும். இப்படி மறைந்திருந்த பகையைக் காட்டிக்கொடுத்தது, கண்ணாடித் தகட்டில் ஊற்றிய கடற்பாசிக் களியினிடையே தோன்றிய ஒரு மெல்லிய வெண்கோடு என்றால் அது வியப்பாகத் தோன்றலாம். அந்தக் கோடு எவ்வாறு எழுகின்றது, அது எதனைச் சொல்லுகின்றது என்பனவற்றை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

மனித உடலினுள் அந்நியப் புரதமோ நோய்க்கிருமியோ நுழையுமாயின், உடல் அதனை எதிர்ப்பதற்கெனத் தனிவகைப் புரதங்களை ஆக்கிக் குருதியில் விடுகின்றது. இவை பிறபொருளெதிரிகள் எனப்படும். இவற்றை ஆக்கும்படி உடலைத் தூண்டிய அந்நியப் பொருள் உடலெதிரியாக்கி எனப்படும். இவ்விரண்டுக்குமுள்ள பொருத்தம் பூட்டுக்கும் திறப்புக்குமுள்ள பொருத்தத்தைப் போன்றது. ஒரு கிருமிக்கென உண்டான பிறபொருளெதிரி அக்கிருமியையும் அதற்கு நெருங்கிய உறவுடைய பொருள்களையுமே பற்றும். ஏனையவற்றை ஏறெடுத்தும் பாராது.

1897ஆம் ஆண்டில், வியன்னா நகரத்து அறிஞர் ருடோல்ப் குரவுஸ் என்பார், கிருமிகளை வளர்த்த நீரை வடித்தெடுத்து, அக்கிருமிகளுக்கு எதிரான சீரத்துடன் கலந்தார். தெளிவாயிருந்த இரு நீர்களும் கலந்தவுடன் கலங்கின. சிறிது நேரத்தில் வீழ்படிவு ஒன்று அடியில் தங்கிற்று. கண்ணுக்குத் தெரியாத இரு பொருள்களின் சந்திப்பு இவ்வாறு கண்ணுக்குத் தெரியலாயிற்று.

வீழ்படிவு ஏன் உண்டாகின்றது? மீன்பிடிக்கும் வலையை மனத்திற் கொண்டால் இது விளங்கும். வலை என்பது நூலும் முடிச்சும் சேர்ந்தது. சீரத்திற் பெரும்பான்மையாயுள்ள பிறபொருளெதிரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகள் உண்டு. அதனை நூலெனக் கொள்ளலாம். உடலெதிரியாக்கியிலோ பற்றிக்கொள்ளத்தக்க இடங்கள் பல உண்டு. அதனை முடிச்செனக் கொள்ளலாம். நூல் ஒவ்வொன்றும் இரண்டு முடிச்சுகளை இணைக்க, வலை விரிந்து கனத்து, நீரிற் கரைந்திருக்கமாட்டாது வெளிப்படுகின்றது.

ஆனால் இவ்வலை எப்போதும் உண்டாவதில்லை. பிறபொருளெதிரி அளவுக்கு மிஞ்சினால், முடிச்சின் பிடிகள் யாவும் தனித்தனி நூல்களால் நிறைந்துவிடும். ஒரு முடிச்சை மற்றொன்றுடன் தொடுக்க இடமிராது. உடலெதிரியாக்கி அளவுக்கு மிஞ்சினால், நூலின் இரு முனைகளும் நிறைந்து, சிறு சிறு துண்டுகளாகவே அவை நீரில் மிதக்கும். இரண்டும் ஏற்ற விகிதத்திற் சந்திக்கும்போதுதான் வலை முழுமை பெறும். இந்த விகிதத்தை 1930களில் நியூயோர்க்கில் ஹைடெல்பேர்கர், கெண்டல் ஆகிய இருவரும் அளந்து கணித்துக் காட்டினர்.

சோதனைக்குழாயிற் செய்யும் இச்சோதனைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. குருதிச் சீரத்தில் உள்ள புரதம் ஒன்றன்று, பலவாகும். அவற்றுட் பத்துப் புரதங்கள் பத்துப் பிறபொருளெதிரிகளுடன் சேர்ந்தாலும், குழாயின் அடியிற் காணப்படுவது ஒரே வெண்மையான படிவுதான். எத்தனை பொருள்கள் சேர்ந்தன, அவற்றுள் எது புதியது என்பதைப் பிரித்தறிய முடியாது. சந்தையில் ஆயிரம் பேர் ஒருங்கே பேசும்போது எழும் இரைச்சலில் ஒருவரின் குரலைத் தேடுவது போன்றது அது.

அந்த இரைச்சலைத் தனித்தனிக் குரல்களாகப் பிரித்துக் கொடுத்தது களியாகும். நீரினுள் கலந்தவை ஓட்டத்தாலும் அசைவாலும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். களியிலோ அத்தகைய ஓட்டம் இல்லை. அங்கே ஒரு பொருள் இடம்பெயர்வதற்கு ஒரே வழிதான் உண்டு, அது பரவல். தண்ணீரில் இட்ட ஒரு துளி மையை அசைக்காது விட்டாலும் அது மெல்ல மெல்ல எங்கும் சென்று சேர்வதை நேயர்கள் கண்டிருப்பர். மூலக்கூறுகள் ஓயாது அலைவதனால், செறிவு மிக்க இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு அவை பரவுகின்றன.

இதற்குப் பயன்படும் களி பெரும்பாலும் அகார் எனப்படுவது. செந்நிறக் கடற்பாசிகளை அவித்து எடுக்கப்படும் பொருள் இது. நோன்புக் காலத்திற் கடற்பாசி என்னும் பெயரால் இனிப்பாகச் செய்து உண்ணப்படுவதும் இதுவே. இலங்கையின் களப்புகளில் வளரும் கஞ்சிப்பாசியும் இதனைத் தரும் பாசிகளுள் ஒன்று. அயல்நாட்டு நூல்களில் அது இலங்கைப் பாசி என்னும் பொருள்படும் பெயரால் வழங்கிற்று. சமையலறையிலிருந்து அகாரை ஆய்வுகூடத்துக்குக் கொணர்ந்தவர் ஒரு பெண்மணி. 1881ஆம் ஆண்டளவில், பேரறிஞர் கொக் அவர்களின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸே என்பாரின் மனைவியார் பன்னி ஹெஸ்ஸே, பழக்களி செய்யத் தாம் பயன்படுத்திய அகாரைக் கிருமி வளர்க்கவும் பயன்படுத்தலாமெனத் தம் கணவருக்கு எடுத்துரைத்தார்.

நூற்றுக்கு ஒரு பங்கு அகாரும் மிகுதி உப்பு நீருமாகக் காய்ச்சி ஊற்றினால், தெளிந்த களி கிடைக்கும். அகாரின் இழைகள் பின்னிய இடைவெளிகள், ஒரு பிறபொருளெதிரியின் பருமனை நோக்கப் பலமடங்கு அகன்றவை. ஆகவே புரதங்கள் ஏறக்குறைய நீரிற் பரவுவது போலவே தடையின்றிப் பரவும். ஆனால் அவை சேர்ந்து வலையாகிவிட்டாலோ, அவ்வலை அந்த இடைவெளிகளினூடே செல்லமாட்டாது. பிறந்த இடத்திலேயே நிலைத்துவிடும்.

பரவலின் வேகம் மிகச் சிறிது. பிறபொருளெதிரி ஒரு நாளிற் கடக்கும் தூரம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவேயாம். அத்தூரத்தை இருமடங்காக்க வேண்டுமாயின், காலம் இருமடங்கன்று, நான்கு மடங்கு வேண்டும். ஆதலின் இச்சோதனைக்கு இன்றியமையாதது பொறுமை. களி உலராதபடி ஈரமான பெட்டியில் மூடிவைத்து, ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ காத்திருத்தல் வேண்டும்.

களியில் இத்தகைய வீழ்படிவை 1905ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியரான பெக்ஹோல்ட் கண்டிருந்தார். எனினும் அது நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1946ஆம் ஆண்டில் பரிஸ் நகரத்துப் பஸ்தர் நிலையத்தில் ஜாக் உடேன் என்பார், பிறபொருளெதிரி கலந்த களியை ஒடுங்கிய குழாயிலிட்டு, அதன்மேல் உடலெதிரியாக்கியை ஊற்றினார். பொருளுக்கு ஒரு பட்டையாக, வெண்பட்டைகள் தனித்தனியே கீழிறங்கின. 1948ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டவரான ஊக்டர்லோனி என்பாரும், இலண்டனில் எலெக் என்பாரும், ஒருவரையொருவர் சாராது, இரண்டு பொருள்களும் இரு புறங்களிலிருந்தும் பரவி வந்து நடுவிற் சந்திக்கும் முறையை வகுத்தனர். ஊக்டர்லோனியின் முறையே பின்னர் உலகெங்கும் பரவிற்று.

அம்முறை மிக எளியது. தட்டிலே ஊற்றி உறைந்த களியிற் சிறு குழிகள் வெட்டப்படும். ஒரு குழியிற் பிறபொருளெதிரியுள்ள சீரம். சில மில்லிமீற்றர் தள்ளி மற்றொரு குழியில் உடலெதிரியாக்கி. இரண்டும் தத்தம் குழியிலிருந்து வட்டமாகப் பரவும். குழியை விட்டு விலக விலக அவற்றின் செறிவு குறையும். ஏதோவோரிடத்தில் இரண்டின் விகிதமும் ஏற்றதாய் அமையும். அங்கே வலை பின்னப்படும், வெண்கோடு எழும். கோடு எவ்விடத்தில் விழவேண்டும் என்பதைச் சோதனை செய்பவர் தீர்மானிப்பதில்லை; சந்திக்கும் பொருள்களே தீர்மானிக்கின்றன. உடலெதிரியாக்கி செறிவு மிக்கதாயின், கோடு பிறபொருளெதிரியின் குழிப்பக்கம் நெருங்கும். செறிவு குறைந்ததாயின் தன் குழிப்பக்கமே நிற்கும். பொருள் பத்தாயின், ஒவ்வொன்றும் தன் வேகத்திலும் தன் செறிவிலும் பரவுவதால், கோடுகளும் வெவ்வேறிடங்களில் எழுந்து பிரிந்து தோன்றும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. ஒரு முறை எழுந்த கோடு, தன்னை ஆக்கிய இரு பொருள்களுக்கும் மதிலாகின்றது. அவை கடந்து செல்ல முயலும்போது மதிலிலேயே பிடிபடுகின்றன. வேறு பொருள்களுக்கோ அம்மதில் திறந்த வாயிலே. இந்த ஒரு பண்பினால் இரு பொருள்கள் ஒன்றா வேறா என்பதைச் சொல்லிவிடலாம். அடுத்தடுத்த இரு குழிகளில் ஐயத்துக்குரிய இரு சீரங்களையும், அவற்றுக்கு எதிரே பிறபொருளெதிரியையும் இடுவர். இரு கோடுகளும் வளைந்து ஒன்றாக இணைந்தால் இரு குழிகளிலும் உள்ள பொருள் ஒன்றே. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் அவை வெவ்வேறானவை. இணைந்தபின் ஒரு பக்கம் சிறு முள்ளொன்று நீண்டால் அவை உறவுடையவை. ஆயினும் முற்றும் ஒன்றல்ல.

இந்தக் கருவியைக் கையிலெடுத்துக்கொண்டவர் பாருக் புளும்பேர்க் என்னும் அமெரிக்க மருத்துவர். அவர் செங்கண்மாரியைத் தேடிப் புறப்பட்டவரல்லர். ஒரே நோய் சிலரைத் தாக்கிச் சிலரை விடுவதற்கு, குருதிப் புரதங்களிலுள்ள பிறவி வேறுபாடுகள் காரணமாகலாம் என எண்ணினார். அதன்பொருட்டுப் பல நாட்டு மக்களின் குருதி மாதிரிகளையும் சேகரித்து வைத்தார். வேறுபாட்டைக் காண்பதற்கு அவர் தேர்ந்த வழி நுட்பமானது. பலமுறை குருதி ஏற்றப்பட்ட ஒருவரின் உடலினுள் பிறருடைய புரதங்கள் புகுந்திருக்கும்; தம்மிடம் இல்லாத புரதத்துக்கு எதிராக அவருடல் பிறபொருளெதிரியை ஆக்கியிருக்கும். ஆகவே அத்தகையோரின் சீரத்தை ஒரு குழியிலும், உலக மக்களின் சீரங்களைச் சுற்றியுள்ள குழிகளிலும் இட்டு, கோடு எழுகின்றதா எனப் பார்த்தனர்.

1963ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்களில், புளும்பேர்க்குடன் சேர்ந்து ஆராய்ந்த ஹார்வி அல்ட்டர் என்னும் இளம் மருத்துவர் வழக்கத்துக்கு மாறான ஒரு கோட்டைக் கண்டார். பலமுறை குருதி பெற்ற, குருதியுறையா நோயுடைய நியூயோர்க் வாசியொருவரின் சீரத்துக்கும், அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் சீரத்துக்கும் இடையே அக்கோடு எழுந்திருந்தது. அதற்கு முன் அவர்கள் அறிந்த கோடுகள் கொழுப்போடு கூடிய புரதங்களால் ஆனவை. இதுவோ கொழுப்பைக் காட்டும் சாயத்தை மங்கலாகவே ஏற்றது. புரதத்தைக் காட்டும் சாயத்தாற் செந்நிறம் பெற்றது. ஆதலின் இது புதியது. அவுஸ்திரேலிய உடலெதிரியாக்கி என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. 1965ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியிடப்பட்டது.

நியூயோர்க் வாசிக்கும், உலகின் மறுகோடியில் வாழ்ந்த பழங்குடியினருக்கும் என்ன தொடர்பு? விடை உடனே கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான சீரங்கள் களியில் இடப்பட்டன. உடல்நலமுள்ள அமெரிக்கர்களிடம் அப்பொருள் மிக அரிதாகவே காணப்பட்டது. ஆசிய நாடுகள் சிலவற்றிலும் வெப்ப நாடுகளிலும் மிகுதியாகக் காணப்பட்டது. வெண்குருதிப் புற்றுநோயுடையோரிடமும், பெரிய பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த டவுன் நோயினரிடமும் அடிக்கடி காணப்பட்டது. அது பிறவிப் பண்பாயின், ஒருவரிடம் இருந்தால் என்றும் இருக்கவேண்டும். இல்லையாயின் என்றும் இருத்தலாகாது. ஆனால் 1966ஆம் ஆண்டில், முன்னர் கோடு காட்டாத ஒரு நோயாளி மறுமுறை சோதித்தபோது கோடு காட்டினார். அவரை ஆராய்ந்தபோது அவர் ஈரல் அழற்சியுற்றிருந்தமை தெரியவந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் உள்ளத்தைத் தொடுவது. பிலடெல்பியா நகரில் புளும்பேர்க்கின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த பெண்ணொருவர் தம் உடல் சில நாள்களாக நலமின்றியிருப்பதை உணர்ந்தார். அக்கோட்டுக்கும் ஈரல் அழற்சிக்கும் தொடர்பிருக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரு மாலை வேளையில் தம் சீரத்தைத் தாமே களிக் குழியிலிட்டுச் சென்றார். மறுநாட் காலையில் மங்கலான, ஆனால் ஐயத்துக்கிடமில்லாத ஒரு கோடு அங்கே தோன்றியிருந்தது. அச்சோதனையினால் அறியப்பட்ட முதலாவது வைரசு ஈரல் அழற்சி நோயாளர் அவரேயாவர். அவர் பின்னர் முழுநலம் பெற்றார்.

1968ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் பிறின்ஸ் என்பாரும், யப்பானில் ஓக்கோச்சி என்பாரும் செய்த ஆய்வுகள் இத்தொடர்பை உறுதிசெய்தன. அப்பொருளுள்ள குருதியைப் பெற்றோரே பெருமளவில் நோயுற்றனர். களியிற் கோடு காட்டிய பொருள், இன்று ஈரல் அழற்சி பீ எனப்படும் நோயின் வைரசு தன் மேலே போர்த்தியிருக்கும் புரதம் என்பது தெளிவாயிற்று. 1970ஆம் ஆண்டில் இலண்டனில் டேன் என்பார் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் முழு வைரசையும் கண்டார். நுணுக்குக்காட்டியின் கண்ணுக்கு அகப்படுமுன்பே, களி அதன் போர்வையைப் பிடித்துக் காட்டிவிட்டது. குருதி வங்கிகள் அப்பொருளுள்ள குருதியை ஒதுக்கத் தொடங்கின. 1976ஆம் ஆண்டில் புளும்பேர்க் நோபல் பரிசு பெற்றார். வைரசின் அந்தப் போர்வைப் புரதத்தையே தடுப்பு மருந்தாக்கலாம் என அவரும் மில்மன் என்பாரும் 1969ஆம் ஆண்டிலே முன்மொழிந்தனர். 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அத்தகைய மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இலங்கையில் 2003ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெற்று வருகின்றது.

கோட்டின் புகழைக் கூறும்போது அதன் குறையையும் கூறுதல் முறையாகும். கண்ணுக்குத் தெரியும் கோடு எழ வேண்டுமாயின் புரதம் ஓரளவு மிகுதியாக இருத்தல் வேண்டும். குருதியில் வைரசுப் பொருள் சிறிதளவே இருந்தால், வலை பின்னப்பட்டாலும் கண் அதனைக் காணாது. அக்காலத்தில் கோடு காட்டாத குருதி யாவும் தூய குருதியெனக் கொள்ளத்தக்கதாக இருக்கவில்லை. ஆகவே, கதிரியக்கத்தையும் நொதியங்களையும் அடையாளமாகக் கொண்டு பன்மடங்கு நுண்ணிதாக உணரும் சோதனைகள் 1970களில் அதன் இடத்தைப் பெற்றன. அவற்றிலும் நிகழ்வது பிறபொருளெதிரியும் உடலெதிரியாக்கியும் பற்றிக்கொள்ளும் அதே செயல்தான். அதனைக் காணும் வழி மட்டுமே வேறு.

எனினும் களி ஓய்வு பெற்றுவிடவில்லை. தொண்டைக் கரப்பான் எனப்படும் டிப்தீரியாவின் கிருமிகளுள் நஞ்சை உமிழ்வனவும் உண்டு, உமிழாதனவும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய முன்னாளிற் கினிப்பன்றிகளை ஊசியேற்றிச் சாகவிட்டுப் பார்த்தனர். எலெக் 1948ஆம் ஆண்டில் வகுத்த முறையில், நஞ்சுக்கு எதிரான சீரத்தில் தோய்த்த காகிதக் கீற்றொன்று களியில் வைக்கப்படும். அதற்குக் குறுக்கே கிருமிகள் தீற்றப்படும். கிருமி நஞ்சை உமிழுமாயின், இரண்டுக்குமிடையே சாய்வான வெண்கோடு எழும். நஞ்சுக்குரிய பரம்பரையலகு கிருமியில் உண்டா என்பதை இன்று சில மணி நேரத்திற் கண்டறியலாம். ஆனால் அப்பரம்பரையலகு இருந்தும் நஞ்சை ஆக்காத கிருமிகளும் உள. உண்மையில் நஞ்சு வெளிப்படுகின்றதா என்னும் கேள்விக்கு எலெக்கின் கோடு இன்றும் விடை கூறுகின்றது.

அதுபோலவே, 1965ஆம் ஆண்டில் இத்தாலியப் பெண் அறிஞர் மன்சீனியும் தோழர்களும் வகுத்த முறையிற் பிறபொருளெதிரியைக் களி முழுவதும் கலந்துவிடுவர். குழியிலிட்ட உடலெதிரியாக்கி சுற்றிலும் பரவி வெண்வளையம் ஒன்றை ஆக்கும். வளையம் வளர்ந்து நின்றபின் அதன் விட்டத்தின் வர்க்கம், இட்ட பொருளின் அளவுக்கு நேர்விகிதமாக இருக்கும். ஓர் அளவுகோலும் சிறிது கணிதமும் இருந்தாற் போதும். இன்புளுவென்சாத் தடுப்பு மருந்தின் வழமையான ஒரு வேளை அளவில், ஒவ்வொரு வைரசு வகைக்கும் 15 மைக்கிரோகிராம் புரதம் உண்டா என்பது நெடுங்காலமாக இவ்வளையத்தைக் கொண்டே அளக்கப்பட்டு வந்துள்ளது.

2022ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 இலட்சம் மக்கள் ஈரல் அழற்சி பீ நோயுடன் வாழ்ந்தனரென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் அந்நோயால் மாண்டனர். பகை இன்னும் ஒழியவில்லை; ஆயினும் அது இன்று முகமறியாத பகையன்று. குருதி கொடுக்க வருபவரிடமிருந்து பெறப்படும் சிறிதளவு குருதி, சோதனைக்கு உள்ளான பின்னரே மற்றொருவரின் நாளத்தை அடைகின்றது. அந்தக் காவல் ஏற்பட்டதற்கு மூலமாயிருந்தது, ஒரு தட்டுக் களியும், அதனைக் கலைக்காது காத்திருந்தவர்களின் பொறுமையுமாகும். எதிர்பாராது எழுந்த கோட்டினைப் பிழையென்று துடைத்தெறியாமல், அதன் பொருள் விளங்கும்வரை ஆண்டுக்கணக்கில் அவர்கள் அதனைத் தொடர்ந்து சென்றனர். முகமறியாதவர் ஒருவரின் குருதியைத் தாயொருத்தி அச்சமின்றி ஏற்றுக்கொள்ள முடிவது அந்த உழைப்பின் பயனேயாம்.